முதலாளியின் இடது ரத்தக்குழாய்

அந்த ஆஸ்பத்திரியில் எக்கோ அக்காவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. வாசல் காவலாளியில் தொடங்கி இதய டாக்டர் வரை எல்லாரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். இருபத்திரண்டு வருஷமாக இரண்டாம் மாடிக் கோடியில், ஜன்னலைத் திரை போட்டு மறைத்த ஓர் இருட்டறையில் உட்கார்ந்து, குழந்தைகளின் நெஞ்சில் ஜெல்லைத் தடவி, கைக்குள் அடங்கும் ஒரு கருவியை வைத்து இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ படம் எடுப்பது அவள் வேலை. அவள் பார்த்து எழுதுவாள், டாக்டர் கையெழுத்துப் போடுவார். "எங்க அக்கா எழுதிட்டா அதுக்கு அப்பீலே கிடையாது" என்று டாக்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். அந்தப் பெருமை அக்காவுக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. யாரைச் சொல்லி என்ன, பாராட்டு யாருக்காவது கசக்குமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் அறையில் நோயாளி யாரும் இல்லை. பழைய கம்ப்யூட்டரை மாற்றியிருந்தார்கள். கடைசி இரண்டு மாதப் படங்கள் புதியதற்கு ஒழுங்காக வந்து சேர்ந்தனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து டிக் அடிக்க வேண்டும். தண்டமான வேலையெல்லாம் நம் தலையில்தான் விடியும் என்று முனகிக்கொண்டே அக்கா திறந்தாள், மூடினாள், திறந்தாள், மூடினாள். நாற்பத்தோராவது படத்தைத் திறந்தவள் மூடவில்லை.

மூன்று மாத ஆண் குழந்தை. மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தவன். பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது, ஏனென்றால் அவன் அப்பா அவனை முதலாளி என்றுதான் கூப்பிட்டார். "எங்க வீட்டுல இவர்தான் மேடம் முதலாளி. இவர் கத்தினா நாங்க ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்போம். லீவும் கிடையாது, சம்பளமும் கிடையாது" என்று சொல்லிச் சிரித்தார். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதர், நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது. அம்மா டவுன் பஸ் ஓட்டுகிறவள், பிரசவ விடுப்பில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. பால் குடிக்க ஆரம்பித்து இரண்டே நிமிஷத்தில் குழந்தை வீறிட்டு அழுகிறான், உடம்பு தொப்பலாக வேர்க்கிறது, எடை ஏறவே மாட்டேன் என்கிறது என்றாள். இதற்கு முன்னால் போன இரண்டு இடத்திலும் வயிற்று வலி என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

இங்கே படம் எடுத்தபோது இதயத்தின் இடது பாதி ஊதிப் பெருத்து, சுருங்கத் தெம்பில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. பிறவியிலேயே தசை பலவீனம் என்று டாக்டர் முடிவு கட்டினார். அதற்கு ஆபரேஷன் கிடையாது. மருந்து கொடுத்துப் பார்க்கலாம், தேறினாலும் தேறலாம், தேறாமலும் போகலாம். அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சட்டையை மாட்டிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

இப்போது குழந்தையின் அழுகை இல்லாத அமைதியில் அதே படத்தைப் பார்க்கும்போது ரத்த ஓட்டத்துக்கு மெஷின் பூசிக் காட்டுகிற நிறத்தில், அக்காவின் கண்ணில் ஒரு சிவப்புப் பொட்டு பட்டது. நுரையீரலுக்குப் போகிற பெரிய குழாய்க்குள், இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில், எதுவும் வந்து விழக் கூடாத இடத்தில் ரத்தம் மெல்லியதாகப் பீச்சியது. கண் சிமிட்டுகிற நேரம்தான். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பார்த்தாள். இருந்தது. வால்வைப் பிடித்துக்கொண்டிருக்கும் தசைகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. ரத்தம் கிடைக்காமல் வதங்கிய தசைதான் அப்படித் தெரியும். அதனால்தான் அந்த வால்வும் ஒழுகிக்கொண்டிருந்தது.

அக்கா படத்தை அங்கேயே நிறுத்தி வைத்தாள்.

விஷயம் இதுதான். ஊருக்கெல்லாம் சமைத்துப் போடுகிறவனுக்கும் பசிக்கும் அல்லவா? உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதற்கென்று இரண்டு மெல்லிய குழாய்கள், வலது ஒன்று, இடது ஒன்று, நல்ல ரத்தம் போகிற மகாதமனியிலிருந்து கிளம்பி இதயத்தின் மேலேயே படர்ந்திருக்கும். மூன்று லட்சத்தில் ஒரு குழந்தைக்கு இடது குழாய் இடம் மாறி, கெட்ட ரத்தம் போகிற நுரையீரல் குழாயில் முளைத்துவிடும். பிறந்த புதிதில் எப்படியோ தாக்குப்பிடிக்கும். இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பக்கம் அழுத்தம் குறைந்ததும், இதயத்துக்கு வர வேண்டிய ரத்தம் அந்த வழியாகத் திருட்டுத்தனமாக நழுவிப் போய்விடும். இடது பாதி பட்டினி கிடந்து வீங்கும். குழந்தை பால் குடிக்கிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சு வலியில் துடிக்கும், அதற்குச் சொல்லத் தெரியாது. பார்ப்பதற்குத் தசை பலவீனம் மாதிரியேதான் இருக்கும். ஒரே வித்தியாசம், இதற்கு ஆபரேஷன் உண்டு. செய்தால் பிழைக்கும், செய்யாவிட்டால் பெரும்பாலும் ஒரு வயதைத் தாண்டாது.

அக்கா தன் ரிப்போர்ட்டைத் திறந்தாள். "இதயத்தின் இரண்டு ரத்தக்குழாய்களும் சரியான இடத்தில் உள்ளன" என்று இருந்தது.

அவள் அதை எழுதவே இல்லை. எழுதியது ஒரு பட்டன். ரிப்போர்ட்டில் நாற்பது வரி உண்டு. கோளாறு இருக்கிற வரிகளைக் கையால் டைப் அடித்துவிட்டு, 'மீதி இயல்பு' என்று ஒரு பட்டனை அழுத்தினால், காலியாக இருக்கிற வரியெல்லாம் நல்லபடியாகத் தானே நிரம்பிவிடும். எக்கோ அறையில் வேலை செய்கிற எல்லாருக்கும் அந்தப் பட்டன் உயிர்த்தோழன். அன்றைக்கு முதலாளி கத்திய கத்தலில் அந்தக் குழாய்கள் சரியாகவே தெரியவில்லை. அடங்கட்டும், மறுபடி பார்க்கலாம் என்று அந்த வரியைக் காலியாக விட்டுவைத்தாள். அதற்குள் கீழே அவசரப் பிரிவில் ஒரு நீலம் பாய்ந்த குழந்தை என்று கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தாள், உட்கார்ந்தாள், பட்டனை அழுத்தினாள். 'பார்க்க முடியவில்லை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நன்றாக இருக்கிறது' என்று போய்விட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். யானை சறுக்கினால் அடியில் அகப்பட்டவன் கதி என்ன?

டாக்டரின் அறைக்கு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வராந்தாவில் நின்றவர்கள் வழி விட்டார்கள். டாக்டர் படத்தைப் பார்த்தார். குழந்தையின் ஃபைலை வரவழைத்து, அன்றைக்கு எடுத்த ஈசிஜி தாளை விரித்தார்.

"இதுலயும் இருக்கு அக்கா. இந்த ரெண்டு கோடும் பள்ளமா இறங்கியிருக்கு பாருங்க, மாரடைப்பு வந்தவங்களுக்கு இறங்கற மாதிரி. நானும்தான் பார்த்தேன். உங்க ரிப்போர்ட்ல குழாய் சரியா இருக்குன்னு இருந்ததா, பார்த்துட்டு விட்டுட்டேன்."

"எனக்காகச் சொல்லாதீங்க டாக்டர்."

"உங்களுக்காக நான் ஏன் பொய் சொல்லணும்? உடனே வரச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, ரொட்டீன் செக்கப்னு மட்டும் சொல்லுங்க. வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

அக்கா அங்கேயே நின்று போன் போட்டாள். அந்த அம்மாதான் எடுத்தாள். பின்னால் பையின் ஜிப்பை இழுக்கிற சத்தமும், குழந்தை முனகுகிற சத்தமும் கேட்டன.

"ஒரு தடவை மறுபடி படம் எடுக்கணும்மா. ரொட்டீன்தான். இன்னிக்கே வந்துடுங்களேன்."

"இன்னிக்கா? நாங்க எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டோம் மேடம். அஞ்சு மணிக்கு பஸ். பத்து மணி நேரம். கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் ஓட்டாம, உட்கார்ந்து போகப்போற முதல் பஸ் இதுதான்."

"பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டு..."

"ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்னு போறோம். அடுத்த மாசம்தானே தேதி குடுத்திருக்கீங்க, அப்ப வரேன். போன தடவை நீங்க படம் எடுத்தப்போ அழுததுல அவனுக்கு மூணு நாள் தொண்டை கட்டிக்கிச்சு. செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு நீங்களேதான் சொன்னீங்க. ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு மறுபடி அவனைப் போட்டுப் படுத்தணும்?"

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள். அவர் மெதுவாக, "ஏதாவது சொல்லி வரவழைங்க" என்றார். ஏதாவது என்றால் என்ன? மெஷினில் கோளாறு என்று சொல்லலாம். படம் அழிந்துவிட்டது என்று சொல்லலாம். பொய்க்கா பஞ்சம்? ஆனால் பெட்டி கட்டிவிட்ட தாயை எந்தப் பொய் நிறுத்தும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால், அதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

"அம்மா, நான் தப்பு பண்ணிட்டேன்" என்றாள் அக்கா.

"என்னது?"

"இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் அன்னிக்கு எனக்குத் தெரியவே இல்லை. தெரிஞ்சுது, நல்லா இருக்குன்னு ரிப்போர்ட்ல போயிடுச்சு. அது என் தப்பு. இன்னிக்குப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்தக் குழாய் இடம் மாறி இருக்கும்னு தோணுது. அப்படி இருந்தா உங்க பிள்ளைக்கு ஆபரேஷன் பண்ணலாம், சரியாகறதுக்கு வழி இருக்கு. பஸ் ஏறிடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன், அவனைத் தூக்கிட்டு இங்க வாங்க."

அந்தப் பக்கம் ஜிப் இழுக்கிற சத்தம் நின்றது. டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "அரை மணியில வரோம்" என்று ஒரு குரல் வந்தது. போன் வைக்கப்பட்டது.

"கேஸ் போட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார் டாக்டர்.

"போடட்டும். கோர்ட்டுக்கு வர அவனுக்கு உயிர் இருக்கட்டும் முதல்ல" என்றாள் அக்கா.

இருபத்தைந்தாவது நிமிஷமே வந்துவிட்டார்கள். கிளம்பிய கோலத்திலேயே, பைகளோடு. மூன்று வாரத்தில் முதலாளி இளைத்துப் போயிருந்தான், கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. அப்பா இந்தத் தடவை ஜோக் அடிக்கவில்லை. அம்மா நாற்காலியில் சாய்ந்து குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, அக்கா தரையில் மண்டி போட்டு, ஜெல்லைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித் தடவினாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். வலது குழாய் மகாதமனியிலிருந்து சரியாகக் கிளம்பியது, தேவைக்கு மேல் பருத்திருந்தது. இடது குழாயை அதன் வாலிலிருந்து பிடித்துக்கொண்டே மேலே போனாள். அது போய்ச் சேர்ந்த இடம் நுரையீரல் குழாயின் பின்சுவர்.

டாக்டர் பின்னால் நின்று, "அதேதான்" என்றார்.

அக்காவுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தன. இப்படி ஒரு பயங்கரமான கோளாறைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிற பிழைப்பு வேறு எங்காவது உண்டா? ஆனால் சந்தோஷம்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வழியே இல்லை என்று அனுப்பியிருந்தார்கள், இன்றைக்கு ஒரு வழி திறந்திருக்கிறது.

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, டாக்டரை விட்டு அக்காவிடம் திரும்பினாள். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா?"

"மூணு வாரம் முன்னாடியே ஆபரேஷன் ஆகியிருக்கும்" என்றாள் அக்கா.

"மூணு வாரத்துல எவ்வளவு கெட்டுப்போச்சு?"

"அன்னிக்கு இதயம் ஒரு தடவை சுருங்கினா, உள்ள இருக்கற ரத்தத்துல நூத்துக்கு இருபத்தஞ்சு பங்கு வெளிய தள்ளுச்சு. நல்ல இதயம்னா அறுபது தள்ளும். இன்னிக்கு பதினெட்டுதான் தள்ளுது."

டாக்டர் தொண்டையைச் செருமினார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. அந்த அம்மா அக்காவை அப்படியே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அக்காவுக்கு.

மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அக்கா அழுதாள். அவள் கணவர் தபால்காரர். மூட்டுவலித் தைலத்தைக் காலில் தேய்த்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"இனிமே எந்தப் படத்தையும் நான் தொடமாட்டேங்க. எழுதிக் குடுத்துட்டு வந்துடப் போறேன்."

"முப்பது வருஷத்துல நான் கடிதத்தை வீடு மாத்திப் போட்டதே இல்லைன்னு நெனச்சியா? எத்தனையோ தடவை போட்டிருக்கேன். மறுநாள் போய்க் கதவைத் தட்டி, தப்பு என்னுதுங்க, குடுங்கன்னு வாங்கி, சரியான வீட்டுல சேர்த்துட்டு வருவேன். ஒரு வீட்டுல நாயை அவுத்து விட்டாங்க."

"கடிச்சுதா?"

"கடிக்காம? இதோ பாரு தழும்பு. ஆனா கடிதம் போய்ச் சேர்ந்துடுச்சு. நீ கதவைத் தட்டிட்ட இல்ல? கடி வாங்கிக்கோ. வேலையை விடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அழுகைக்கு நடுவில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக அவரையே ஒரு திட்டும் திட்டினாள்.

ஆபரேஷன் செய்கிற சர்ஜன் அம்மாவுக்குக் 'கடுகு' என்று பட்டப்பெயர். ஆள் நாலரை அடி, ஸ்டூல் போட்டு ஏறி நின்றுதான் வெட்டுவார். காரமும் அதற்கேற்ற மாதிரிதான். அக்கா தன் மெஷினைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்குள் போய்த் தலைமாட்டில் ஒதுங்கி நின்றாள். வேலை முடிந்ததும் இதயம் எப்படி இருக்கிறது என்று அங்கேயே பார்க்க வேண்டும், அதற்காகத்தான்.

முதலாளியின் நெஞ்சைத் திறந்தபோது இதயம் கூட்டுக்குள் அடங்காமல் பிதுங்கியது. இடது பக்கம் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிக் கிடந்தது. ரத்தத்தை வெளியே எடுத்துப் பிராணவாயு சேர்த்துத் திருப்பி அனுப்புகிற மெஷினில் குழந்தையைச் சேர்த்தார்கள். குளிர்ந்த மருந்தைச் செலுத்தி இதயத்தை நிறுத்தினார்கள். சர்ஜன் நுரையீரல் குழாயைத் திறந்தார். பின்சுவரில் ஊசித் துளை மாதிரி ஒரு வாய். அதைச் சுற்றி ஓர் அரிசி மணி அகலத்துக்குச் சுவரோடு சேர்த்து வெட்டி எடுத்து, குழாயை அக்கம்பக்கத் தசையிலிருந்து மெல்ல மெல்ல விடுவித்து, மகாதமனியின் பக்கம் கொண்டுவந்தார். இழுபடக் கூடாது, முறுக்கிக்கொள்ளக் கூடாது, மடங்கக் கூடாது. மூன்றில் எது நடந்தாலும் செய்ததெல்லாம் வீண். தலைமுடியில் பாதி கனம் உள்ள நூலால் அவர் தைக்கிறபோது அங்கே இருந்த ஒன்பது பேரும் மூச்சு விடுவதைக்கூடத் தள்ளிப்போட்டார்கள். நுரையீரல் குழாயில் விழுந்த ஓட்டைக்குக் குழந்தையின் இதய உறையிலிருந்தே ஒரு துண்டு எடுத்து ஒட்டுப் போட்டார்.

மகாதமனியை அடைத்துப் பிடித்திருந்த கவ்வியை எடுத்தார்கள். முதன்முதலாக நல்ல ரத்தம் அந்தக் குழாயில் இறங்கியது. சாம்பலாகக் கிடந்த இதயம் மேலிருந்து கீழாக மெள்ளச் சிவந்ததை அக்கா தன் கண்ணால் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகத் திரையில் நிழலாகப் பார்த்த சமாசாரம், நேரில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஆனால் சிவந்ததே தவிர, சுருங்கவில்லை. உறையிட்ட கருவியைச் சர்ஜன் இதயத்தின் மேலேயே வைக்க, அக்கா பட்டன்களைத் திருகிப் பார்த்தாள். பன்னிரண்டு.

"பத்து நாள் பட்டினி கிடந்தவனுக்கு ஒரு வாய் சோறு போட்டுட்டு, எழுந்து ஓடுடான்னா ஓடுவானா?" என்றார் கடுகு. "படுத்து எழுந்திருக்கட்டும். மெஷின் அவனுக்காக ஓடட்டும். ஒரு வாரம் டைம்."

அந்த ஒரு வாரம் என்பதற்கு அர்த்தம் அக்காவுக்குத் தெரியும். இதயத்துக்கு மாற்றாக ஓடுகிற மெஷினை நாளாக ஆக நம்ப முடியாது. ரத்தம் உறையும், இல்லாவிட்டால் மூளையில் கசியும். சீக்கிரம் எடுத்தால் இதயம் நின்றுபோகும், தாமதித்தால் மெஷினே எமனாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். அதைப் படம் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

அக்கா அந்தப் படத்தைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். "தியேட்டர்ல வேற வழியில்ல, பார்த்தேன். இதை நீங்களே பாருங்க டாக்டர். என் கண்ணை நானே நம்பறதில்ல இப்போ." அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கெஞ்சினார், கடைசியில் கோபித்துக்கொண்டார். அசைகிற ஜாதியா அவள்? டாக்டரே தினமும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ப் பார்த்தார். முதல் நாள் பதின்மூன்று. இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் பதினெட்டு. நான்காம் நாள் படம் தெளிவாக விழவில்லை, இருபது சொச்சம் என்றார். அக்கா கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று, எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விடுவாள். எதிர்ச்சுவரை ஒட்டிய பெஞ்சில் அந்த அம்மாவும் அப்பாவும் இருப்பார்கள். யாரும் யாரோடும் பேசியதில்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மெஷினின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். டாக்டர் அரை மணி நேரம் படத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்தார். அக்கா வழக்கம்போல் ஓரமாக நின்றாள்.

"முப்பது இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றவர்களிடம். "இன்னிக்கு மெஷினை எடுத்துடலாம்னு நினைக்கிறோம்."

"நினைக்கறீங்களா?" என்றாள் அம்மா.

"அதாவது, நெஞ்சு இன்னும் மூடலை, கட்டு இருக்கு, படம் அவ்வளவு தெளிவா வராது..."

"போன தடவையும் நீங்க கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்தீங்க சார். தசை பலவீனம்னு." அவள் குரல் உயரவில்லை. பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே போகச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு அக்காவின் பக்கம் கையை நீட்டினாள். "அவங்க பார்க்கட்டும்."

அக்கா ஓரடி பின்னால் போனாள். "நானா? என்னாலதாம்மா உங்களுக்கு இந்தக் கதி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எங்க போனாலும் வயித்து வலி, தசை பலவீனம், கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம். யாரும் எனக்குத் தெரியலைன்னு சொல்லல. நீங்க ஒருத்தர்தான் போன் போட்டு, எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்னு சொன்னீங்க. நீங்க உள்ள போய்ப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னா நான் நம்புவேன். வேற யார் சொன்னாலும் என்னால இனிமே நம்ப முடியாது."

அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனிதர், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே முதலாளி குழாய்களுக்கு நடுவில் கிடந்தான், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நெஞ்சின் மேல் படலம் ஒட்டியிருந்தது. கட்டுக்கும் விலா எலும்புக்கும் நடுவில் கருவி நுழைகிற மாதிரி ஒரு சந்து இருந்தது. அக்காவின் கை அங்கே தானாகப் போயிற்று. வேறு எங்கே பயம் இருந்தாலும் கைக்குள் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மெஷினை இன்னும் குறைக்கச் சொன்னாள். இடது சுவர், தியேட்டரில் மரக்கட்டையாகக் கிடந்த அந்தச் சுவர், சுருங்கி உள்ளே வந்தது. சோம்பலாக, அரை மனசாக, ஆனால் வந்தது. அளந்தாள். முப்பத்திரண்டு. அழித்துவிட்டு இன்னொரு கோணத்தில் அளந்தாள். முப்பத்துமூன்று. தைத்த இடத்துக்குப் போனாள். ரத்தம் மகாதமனியிலிருந்து இதயத்தை நோக்கி, போக வேண்டிய திசையில், ஒவ்வொரு துடிப்புக்கும் போய்க்கொண்டிருந்தது. வால்வின் ஒழுக்கு பாதியாகியிருந்தது. மெஷினைக் குறைத்தபடியே வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தாள், சோர்கிறதா என்று. சோரவில்லை.

"எடுத்துடலாம் டாக்டர்" என்றாள்.

வெளியே வந்தாள். அந்த அம்மா கதவை ஒட்டியே நின்றாள்.

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா. "முப்பத்திரண்டு. ரெண்டு தடவை அளந்துட்டேன். வால்வுல இன்னும் கொஞ்சம் ஒழுகுது, அது எனக்குப் பிடிக்கல, அதை மாசா மாசம் பார்க்கணும். ஆனா இதயம் வேலை செய்யுது. தைச்ச குழாய் ஜோரா ஓடுது. இன்னிக்கு மெஷினை எடுத்துடலாம்."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "அந்த மூணு வாரத்தை நான் மன்னிக்கல."

"மன்னிக்க வேண்டாம்மா."

"நல்லா இருக்குன்னு சொன்னீங்க இல்ல?"

"சொன்னேன். நல்லா இருக்கு."

அந்த அம்மா கணவரிடம் திரும்பினாள். "ஏங்க, முதலாளி பிழைச்சுக்கிட்டார்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள், இத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பா அவளைத் தாங்கப் போய் அவரும் அழுதார். அக்காவுக்கு மட்டும் என்ன, கல்லா நெஞ்சு?

டாக்டர் பின்னாலேயே வெளியே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதயத்தின் நிலைமையை முதலிலிருந்து விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.